தானியமும் தளையும்

பஞ்சம் பிழைக்கப் புறப்பட்ட ஒரு குடும்பத்தின் கதை, மூன்று பெருஞ் சமயங்களின் மறைநூல்களில் மங்காமல் வாழ்கிறது. யூதர் அதை ஓதுகின்றனர். கிறித்தவர் அதைப் போதிக்கின்றனர். இசுலாமியரின் திருமறையிலோ யூசுப் என்ற பெயரால் ஓர் அத்தியாயமே அமைந்திருக்கிறது. கானான் நாட்டுக் கிழவர் யாக்கோபு, அவருடைய மைந்தர், மருமக்கள், பேரப்பிள்ளைகள், ஆட்டு மந்தைகள், மாட்டு மந்தைகள் அத்தனையும் எகிப்தை நோக்கி நகர்கின்றன. எதற்காக? கடவுளைக் காண அன்று, கஞ்சியைக் காண!

இக்கதையை அணுகுவோர் இரு திறத்தார். மண்வெட்டி மறைநூலை மெய்ப்பித்துவிட்டது என்று முரசறைவோர் ஒரு திறத்தார். புராணம் என்றாலே புளுகு, புளுகில் ஆராய என்ன இருக்கிறது என்று புறங்கையால் தள்ளுவோர் மற்றொரு திறத்தார். முன்னவர், கேள்வி எழுமுன்பே விடையைக் கையில் வைத்திருக்கின்றனர். பின்னவர், விடை தேடுமுன்பே கேள்வியை மூடிவிடுகின்றனர். பகுத்தறிவுக்கு இரண்டும் பகை. கல்லறைச் சுவரில் தீட்டிய ஓவியமும், பாறையில் வெட்டிய எழுத்தும், புதையுண்ட பல்லும், பாப்பிரசு ஏடும் சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கும்போது, அவை என்ன சொல்கின்றன, என்ன சொல்ல மறுக்கின்றன என்று கேட்பதுதான் நம் கடமை. கேட்போம்.

முதலில் கதை. யாக்கோபின் செல்லப் பிள்ளை யோசேப்பு. பொறாமை கொண்ட அண்ணன்மார் அவனை இருபது வெள்ளிக்காசுக்கு வணிகரிடம் விற்கின்றனர். எகிப்தில் அடிமை, பிறகு கைதி, பிறகு அரசன் கண்ட கனவுக்குப் பொருள் சொல்லி அமைச்சன்! ஏழு ஆண்டு விளைச்சல், ஏழு ஆண்டு வறட்சி என்பது கனவின் பொருள். விளைந்த காலத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துக் களஞ்சியங்களை நிரப்புகிறான். பஞ்சம் வருகிறது. விற்ற அண்ணன்மாரே தானியம் வாங்க வந்து, யாரென்று அறியாமல் தம்பியின் காலில் விழுகின்றனர். கண்ணீர், மன்னிப்பு, சேர்க்கை. எழுபது பேர் கொண்ட குடும்பம் கோசேன் என்னும் மேய்ச்சல் நிலத்தில் குடியேறுகிறது. கதையமைப்பில் இதற்கு நிகரானவை பழைய இலக்கியங்களில் மிகச் சில என்பதை ஒப்புக்கொள்ள நமக்குத் தயக்கமில்லை. நல்ல கதையை நல்ல கதை என்று சொல்ல நாத்திகம் தடையன்று.

வானமும் ஆறும்

பசித்தவன் ஏன் எகிப்துக்குப் போனான்? வகுப்பில் வரைபடத்தை விரித்து நைல் ஆற்றைச் சுட்டும்போதெல்லாம், மழையே அரிதான நாட்டில் பயிர் எப்படி விளைந்தது என்று பிள்ளைகள் நம்மைக் கேட்பதுண்டு. அக்கேள்வியில்தான் இக்கதையின் திறவுகோல் கிடக்கிறது.

கானான் வானத்தை நம்பி வாழ்ந்த நாடு. மத்தியதரைக் கடலிலிருந்து குளிர்காலத்தில் வரும் மழை பொய்த்தால் புல் கருகும், கிணறு வற்றும், மந்தை மடியும். எகிப்து அப்படியன்று. அது ஆற்றை நம்பி வாழ்ந்த நாடு. அந்த ஆற்றின் வெள்ளமோ எகிப்தில் பெய்த மழையால் வருவதன்று. தொலைவிலுள்ள எத்தியோப்பிய மலைநாட்டில், நம் தென்மேற்குப் பருவமழை வீசும் அதே மாதங்களில் பெய்யும் மழையால் வருவது. இரு நாடுகளுக்கும் வெவ்வேறு வானம், வெவ்வேறு பருவம். கானானில் மழை பொய்த்த ஆண்டில் நைல் நிறைந்து ஓடலாம். ஆகவே அங்கே வயிறு காய்ந்தவன் இங்கே வந்தான். 1970இல் அஸ்வான் உயர் அணை கட்டி முடிந்து ஆண்டு வெள்ளம் அடங்கும்வரை, எகிப்தின் வாழ்வும் தாழ்வும் அந்த வெள்ளத்தின் உயரத்தில்தான் இருந்தன.

தெய்வக் கட்டளை தேவையில்லை. தேவதூதர் வழிகாட்டத் தேவையில்லை. நிலநூல் போதும். ஆனால் அதே நிலநூல் மறுபக்கமும் பேசுகிறது. எல்லா நாடுகளிலும் ஒரே நேரத்தில் ஏழாண்டுப் பஞ்சம் என்று கதை சொல்லும்போது, இரு வேறு வானங்களும் கைகோத்துப் பொய்த்தன என்று நாம் நம்ப வேண்டியிருக்கிறது. அங்கே கதைசொல்லியின் கை தெரிகிறது.

பெனி ஹசன் சுவர்

எகிப்தின் நடுப்பகுதியில், நைலின் கீழ்க்கரைக் குன்றில் பெனி ஹசன் என்னும் இடம். பாறையைக் குடைந்த கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் ஒன்று இரண்டாம் குனும்ஹோதெப் என்ற வட்டார ஆட்சியாளனுடையது. அதன் வடசுவரில் தீட்டப்பட்ட ஓவிய வரிசையொன்று உலகப் புகழ் பெற்றது. இரண்டாம் செனுஸ்ரெத் மன்னனின் 6ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏறத்தாழ கி.மு. 1890 என்று அதன் எழுத்தே காலம் குறிக்கிறது. இங்கே ஓவியங்களைப் படியெடுக்க 1891இல் அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் பதினேழு வயதே நிரம்பிய ஹோவர்டு கார்ட்டர். பின்னர் 1922இல் தூத்தங்காமன் கல்லறையைக் கண்டுபிடித்து உலகை வியக்கவைத்தவர் அவரே.

ஓவியத்தில் என்ன இருக்கிறது? கிழக்கிலிருந்து வந்த செமித்திய மக்களின் ஒரு கூட்டம். எட்டு ஆடவர், நான்கு பெண்டிர், மூன்று சிறார். ஆடவர்க்குக் கூரிய தாடி. எகிப்தியரைப் போல வெள்ளை வேட்டியன்று, சிவப்பும் நீலமும் வெள்ளையும் கலந்த கோடும் கட்டமும் நிறைந்த வண்ண ஆடை. கையில் வில், ஈட்டி, வளைதடி. ஒருவன் யாழ் மீட்டிக்கொண்டே நடக்கிறான். கழுதையின் முதுகில் இரண்டு சிறு பிள்ளைகள். தலைவனின் பெயர் அபிஷா. காட்டாடு ஒன்றைக் காணிக்கையாகப் பிடித்துக்கொண்டு குனிந்து வணங்குகிறான் அவன். நாடு விட்டு நாடு நடக்கும் ஏழையும் யாழை விட்டுவிட்டு வரவில்லை என்பதைக் கண்டு நின்ற அந்தப் பெயர் தெரியாத ஓவியனின் கண்ணை நாம் போற்றுகிறோம். வேற்று நாட்டாரை அவன் ஏளனமாகத் தீட்டவில்லை. எகிப்தியக் கோயில் சுவர்களில் அயலார் என்றால் அரசனின் காலடியில் நசுங்குவோர், கைகட்டுண்டு முழந்தாளிடுவோர். இங்கோ நிமிர்ந்து நடக்கும் மனிதர்!

இதைக் கண்ட அறிஞருலகம் என்ன செய்தது? எகிப்திய எழுத்தைப் படித்துக் காட்டிய சாம்போலியோன் 1828இல் இங்கு வந்தபோது, இவர்களைக் கிரேக்கர் என்று எண்ணினார். பின்னர் 19ஆம் நூற்றாண்டின் பக்திமான்கள், இதோ யாக்கோபின் குடும்பம், இதோ யோசேப்பின் பலவண்ண அங்கி என்று ஆர்ப்பரித்தனர். அன்று தொட்டு மறைநூல் விளக்கப் புத்தகங்களில் இந்த ஓவியம் இடம்பெறத் தவறுவதில்லை.

ஆனால் படத்தின் மேலேயே எழுத்து இருக்கிறது. வந்தவர் முப்பத்தேழு பேர் என்கிறது அது, எழுபது அன்று. கொண்டுவந்த பொருள் கண்ணுக்கு இடும் கருமை. வாங்க வந்தது தானியமென்று ஒரு சொல்லும் இல்லை. பஞ்சம் என்ற பேச்சே இல்லை. பலவண்ண அங்கியோ, எபிரேய மூலத்தின் தெளிவற்ற சொல்லொன்றுக்குக் கிரேக்க மொழிபெயர்ப்பாளர் கொடுத்த பொருள். நீண்ட கையுள்ள ஆடை என்று கொள்வோரும் உண்டு. ஆகவே இது யாக்கோபின் படமன்று. யாக்கோபு போன்றோர் வந்துபோன பாதையின் படம். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்வதே ஆராய்ச்சி. உணராமல் இரண்டையும் ஒன்றாக்குவது பக்தி.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர். கூட்டத்துக்கு முன்னால் நிற்பவன் நெபெர்ஹோதெப் என்ற எகிப்திய எழுத்தன். அவன் கையில் ஏடு, ஏட்டில் கணக்கு. எத்தனை தலை, எந்த நாடு, என்ன சரக்கு? எல்லையைக் கடப்பவனை எழுதுகோல் எதிர்கொள்வது நேற்று வந்த வழக்கமன்று. இந்த எழுதுகோலை மீண்டும் சந்திப்போம்.

எல்லையில் பசி

பஞ்சம் பேசும் சாட்சி வேறிடத்தில் இருக்கிறது. பிற்காலத்தில் அரசனான ஹோரெம்ஹெப், தான் படைத்தலைவனாக இருந்தபோது சக்காராவில் தனக்கொரு கல்லறை எழுப்பினான்; காலம் ஏறத்தாழ கி.மு. 1330. மணலில் மறைந்துபோன அதை 1975இல் ஆங்கில, டச்சு ஆய்வாளர் மீண்டும் கண்டுபிடித்தனர். அதன் சிற்பப் பலகைகள் சில ஆலந்து நாட்டு லெய்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றில் அயல்நாட்டார் பலர் கெஞ்சி நிற்கின்றனர். சிலர் கையை உயர்த்துகின்றனர்; சிலர் மண்ணில் குப்புற விழுகின்றனர்; சிலர் மல்லாந்து கிடந்தே வேண்டுகின்றனர். உயிர் பிழைக்க வழியறியாமல் வந்தவர் இவர் என்கிறது உடன் உள்ள எழுத்து. நடுவே மொழிபெயர்ப்பாளன் ஒருவன். அவனை இருமுறை செதுக்கியிருக்கிறான் சிற்பி: ஒருமுறை ஹோரெம்ஹெப்பை நோக்கியவனாக, மறுமுறை அயலாரை நோக்கியவனாக. அதிகாரத்தின் மொழியும் பசியின் மொழியும் வேறு வேறு என்பதை ஓர் உருவத்தின் திருப்பத்திலே காட்டிவிட்டான்! யோசேப்பும் தன் அண்ணன்மாரிடம் மொழிபெயர்ப்பாளன் வைத்தே பேசினான் என்று ஆதியாகமம் சொல்வதை இங்கே நினைவுகூரலாம்.

இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு பாப்பிரசு ஏடு, கி.மு. 13ஆம் நூற்றாண்டின் இறுதிக்காலத்து எல்லை அலுவலனின் அறிக்கையைத் தாங்கியிருக்கிறது. ஏதோம் நாட்டு மேய்ச்சல் குலத்தார் கோட்டையைக் கடந்து, அவரும் அவர்தம் மந்தையும் உயிர்தரிக்கக் குளக்கரைக்குச் செல்ல விடப்பட்டனர் என்பது செய்தி. அற்புதமில்லை, ஆரவாரமில்லை, அலுவலகக் குறிப்பு. ஆனால் யாக்கோபின் குடும்பத்தைப் போன்ற எத்தனையோ குடும்பங்களின் வரலாறு அந்த வறண்ட வரிகளில் அடங்கிக் கிடக்கிறது.

டெல்டாவின் கிழக்கே டெல் எல் தபா என்னுமிடத்தில், 1966 முதல் ஆஸ்திரியத் தொல்லியலாளர் மான்பிரெட் பீட்டக் தலைமையில் அகழ்வு நடந்தது. வெளிப்பட்டது அவாரிஸ் நகர். எகிப்திய மண்ணில் சிரியப் பாணி வீடுகள்! கல்லறை வாயிலில் புதைக்கப்பட்ட கழுதைகள்! உடைந்து கிடந்த சுண்ணக்கல் சிலையொன்று, குடைபோன்ற தலைமுடியும் தோளில் வளைதடியுமாக ஓர் ஆசியப் பெருமகனைக் காட்டியது. உடனே அதற்கு யோசேப்பு என்று பெயர் சூட்டிவிட்டனர் சில ஆர்வலர். சிலையிலோ கல்லறையிலோ அப்பெயரும் இல்லை, அதற்கான சான்றும் இல்லை.

இந்நகரிலிருந்தே பின்னர் ஹிக்சோஸ் அரசர் ஏறத்தாழ கி.மு. 1650 முதல் நூறாண்டு ஆண்டனர். அப்பெயர், அயல்நாட்டு ஆட்சியர் எனப் பொருள்படும் எகிப்தியத் தொடரின் கிரேக்கத் திரிபு. பெனி ஹசனில் நம் அபிஷாவுக்குக் கொடுத்திருப்பதும் அதே பட்டந்தான். இவர்கள் வெறிகொண்ட படையாகப் பாய்ந்து நாட்டை எரித்தனர் என்று கி.மு. 3ஆம் நூற்றாண்டுப் புரோகிதர் மனேத்தோ எழுதியதாக யோசேபசு என்ற யூத வரலாற்றாசிரியர் எடுத்துரைக்கிறார். 2020இல் வெளியான ஆய்வொன்று, அங்குப் புதையுண்டோரின் பற்களில் உள்ள ஸ்ட்ரோன்சியத்தை அளந்தது. பிள்ளைப் பருவத்தில் எந்த மண்ணின் நீரும் உணவும் உண்டனர் என்பதைப் பல் மறைக்காது. ஹிக்சோஸ் ஆட்சிக்கு முன்பே பல இடங்களிலிருந்து மக்கள் வந்து குடியேறியிருந்தனர். அவருள் பெண்கள் மிகுதி என்று பற்கள் கூறின. படையெடுப்பில் பெண்கள் மிகுந்திருப்பதில்லை. ஆக, புரோகிதர் எழுதிய ஏடு படையெடுப்பு என்றது. புதைந்த பல் குடியேற்றம் என்றது. நாம் பல்லை நம்புகிறோம்.

சாட்சி சொல்ல மறுப்பவை

இதுவரை கதைக்கு வெளிச்சம். இனி நிழல். யோசேப்பு என்ற அமைச்சனை எகிப்திய ஏடு எதுவும் அறியாது. இராம்சேசு நாடு என்று ஆதியாகமம் குறிக்கும் பெயரோ கி.மு. 13ஆம் நூற்றாண்டில் அப்பெயருள்ள அரசன் புகழ்பெற்ற பிறகே பொருந்தும். யோசேப்பை விற்ற வணிகர் ஒட்டகங்களில் வருகின்றனர். பெனி ஹசன் கூட்டத்தில் கழுதையன்றி ஒட்டகமில்லை. செங்கடல் முனைக்கு வடக்கே உள்ள செம்புச் சுரங்கப் பகுதியில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட இசுரேலிய அறிஞர் இருவர், அங்கே சுமையொட்டகம் கி.மு. 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தோன்றுகிறது என்று காட்டினர். கதையை எழுதியவர் தம் காலத்துச் சாலையில் கண்டதைத் தம் முன்னோர் காலத்துச் சாலையில் நடக்கவிட்டார். வியப்பென்ன? அண்ணன்மார் மட்டும் கழுதையிலேயே வந்து கழுதையிலேயே திரும்புகின்றனர்; பழைய நினைவொன்று அங்கே பிழைத்திருக்கிறது போலும்.

ஏழாண்டுப் பஞ்சம்? அஸ்வானுக்கு அருகே சேகேல் தீவில், கருங்கற் பாறையொன்றில் ஒரு நீண்ட எழுத்து. 1889இல் சார்லசு வில்பர் என்ற அமெரிக்கர் அதை உலகுக்கு அறிவித்தார். பழம்பெரு மன்னன் ஜோசெர் காலத்தில் ஏழாண்டு நைல் பொய்த்தது என்றும், குனும் என்ற தெய்வம் அரசன் கனவில் தோன்றி வெள்ளம் தருவதாகச் சொல்லியது என்றும், நன்றி மறவா அரசன் ஆற்றின் இருகரை நிலத்தையும் பத்தில் ஒரு பங்கு வருவாயையும் அத்தெய்வத்தின் கோயிலுக்கு எழுதி வைத்தான் என்றும் அது முழங்குகிறது. ஏழாண்டு, கனவு, அரசன் எல்லாம் இருக்கின்றன! மறைநூல் மெய்யாயிற்று என்று துள்ளினர் பலர்.

துள்ளல் அடங்கட்டும். அந்த எழுத்து வெட்டப்பட்டது தாலமி மன்னர் காலத்தில், கி.மு. 2ஆம் நூற்றாண்டில். ஜோசெர் வாழ்ந்ததோ அதற்கு ஏறத்தாழ 2,500 ஆண்டுகள் முன்னர். அருகிலுள்ள பிலே தீவின் ஈசிசு கோயிலாரும் அந்நிலப்பகுதிக்கு உரிமை கொண்டாடிய காலமது. குனும் கோயில் பூசாரிகள் தம் மானியத்துக்குப் பழமைச் சான்று தேடினர், கிடைக்கவில்லை, படைத்துக்கொண்டனர்! அறிஞர் பலரின் முடிவு இது. பஞ்சத்தின் நினைவைக்கூடப் பத்திரமாக்கிப் பாறையில் பதித்த இந்தத் திறமையை என்னென்பது! ஏழு என்ற எண்ணோ மெசப்பொத்தேமியக் கில்கமேசுக் காவியத்திலும் வருகிறது. பழங்கதைகளின் பொதுச்சொத்து அது.

எனினும் நேர்மை நம்மைத் தடுக்கிறது. ஏழாண்டுப் பஞ்சம் நடக்கவே முடியாதது என்று நாம் சொல்லலாகாது. கி.பி. 1065 முதல் 1072 வரை, பாத்திமிய அரசர் முஸ்தன்சிர் காலத்தில், எகிப்து அத்தகைய கொடும்பஞ்சத்தைக் கண்டது வரலாறு. நடக்கக்கூடியது வேறு, நடந்தது வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்பதுதான் புரட்டு.

களஞ்சியத்தின் கணக்கு

இனித்தான் நம் வழக்கின் மையம். கோயில் மேடைகளிலும் ஞாயிறு பள்ளிகளிலும் கனவு, அங்கி, கண்ணீர், மன்னிப்பு எல்லாம் சொல்லப்படும். ஆதியாகமத்தின் 47ஆம் அதிகாரம் வந்ததும் குரல் தாழ்ந்துவிடும். அங்கே என்ன இருக்கிறது?

பசித்த எகிப்தியர் களஞ்சியத்துக்கு வருகின்றனர். முதலில் வெள்ளியைக் கொடுத்துத் தானியம் வாங்குகின்றனர், வெள்ளி தீர்கிறது. பிறகு குதிரை, ஆடு, மாடு, கழுதை, அவையும் தீர்கின்றன. அடுத்த ஆண்டு நிலத்தையும் உடலையும் கொடுக்கின்றனர். நாடு முழுதும் பார்வோனுக்குச் சொந்தமாகிறது. உழுதவன் தன் நிலத்திலேயே குத்தகையாளாகி, விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு அளக்கிறான். அந்தத் தானியம் யாருடையது? விளைந்த ஏழாண்டில் அதே உழவரிடமிருந்து திரட்டியது! கொடுத்ததை விலைக்கு வாங்கினான். விலையாகத் தன்னையே கொடுத்தான்.

ஓரிடத்தில் எபிரேய ஏடு, மக்களை நகரங்களுக்குக் குடிபெயர்த்தான் என்கிறது. கிரேக்க மொழிபெயர்ப்பும் சமாரியர் ஏடும் மக்களை அடிமைகளாக்கினான் என்கின்றன. எபிரேயத்தில் உருவொத்த இரண்டு எழுத்துகளின் மாற்றமே இவ்வேறுபாடு. எழுத்து மாறலாம்; உண்மை மாறவில்லை.

ஒரே ஒரு கூட்டத்தின் நிலம் மட்டும் வாங்கப்படவில்லை. எவர் நிலம்? புரோகிதர் நிலம்! பார்வோன் அவர்களுக்குப் படி அளந்தான். ஆகவே விற்க வேண்டிய தேவை அவர்களுக்கு வரவில்லை. ஐந்தில் ஒரு பங்கும் அவர்கள் அளக்கவில்லை. இதை நாம் இட்டுக்கட்டவில்லை, தோழர்களே! மறைநூலே இதை ஒருமுறைக்கு இருமுறை எழுதிவைத்திருக்கிறது. எகிப்தை விவரித்த டியோடோரசு என்ற கிரேக்க ஆசிரியரும், நாட்டு நிலத்தில் ஒரு பெரும் பங்கு வரியின்றிப் புரோகிதர்க்கு உரியதாக இருந்ததைக் குறித்திருக்கிறார். யோசேப்பு வாழ்ந்தானோ இல்லையோ, இந்த ஏற்பாடு வாழ்ந்தது. கதையின் பிற பகுதிகளைவிட இப்பகுதிக்குத்தான் எகிப்திய மண்ணில் சான்று மிகுதி.

தீப்ஸ் நகரில் மெகெத்ரே என்ற பெருமகனின் கல்லறையில் 1920இல் ஹெர்பர்ட் வின்லாக் கண்டெடுத்த மரப்பொம்மைத் தொகுதிகளில் ஒன்று, நாலாயிரம் ஆண்டுப் பழமையான களஞ்சியத்தின் சிற்றுரு. ஆட்கள் மூட்டை சுமந்து கொட்டுகின்றனர். எழுத்தர்கள் அமர்ந்து எழுதுகின்றனர். சுமப்பவன் முதுகு வளைகிறது. எழுதுபவன் கோல் வளைகிறது. எல்லையில் நாம் கண்ட அதே எழுதுகோல்! தானியத்தைக் காத்தது மண்சுவரன்று, அந்தக் கணக்கே.

மற்றொன்றும் கேளுங்கள். மூன்றாம் இராம்சேசின் 29ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.மு. 1157இல், அரசர் கல்லறைகளைக் குடைந்த கைவினைஞர்க்குப் படித் தானியம் வரவில்லை. கருவிகளை வைத்துவிட்டு வெளியேறினர்; கோயில்களின் அருகே சென்று அமர்ந்தனர்; இரண்டாம் இராம்சேசின் கோயில் வளாகத்துக்குள்ளும் புகுந்தனர். அந்தக் கோயிலைச் சுற்றி வரிசை வரிசையாக நிற்பவை எவை தெரியுமா? செங்கல் வளைவுகள் கொண்ட பண்டகசாலைகள்! இன்றும் நிற்கின்றன. எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று வரலாற்றாசிரியர் போற்றுவது இதைத்தான். தூரின் நகரில் உள்ள பாப்பிரசு ஏடு சாட்சி. எகிப்தில் தானியம் இல்லாமல் மட்டும் பசி வந்ததில்லை. தானியம் பூட்டிக் கிடந்தும் பசி வந்தது.

தூரிகைகள் தீட்டியதும் தீட்டாததும்

கலைஞர்கள் இக்கதையை எப்படிக் கண்டனர்? வெனிசு நகரத்துப் புனித மாற்கு கோயிலின் முன்மண்டபத்தில் 13ஆம் நூற்றாண்டுப் பளிங்குத்துண்டு ஓவியங்கள் யோசேப்பின் கதையைச் சொல்கின்றன. அங்கே களஞ்சியங்களாக நிற்பவை பிரமிடுகள்! கல்லால் நிறைந்த கல்லறைகளைக் கதிர் நிறைந்த குதிர்களாக்கிவிட்டது நடுக்கால நம்பிக்கை. நடுக்காலத்தை மட்டும் நகைப்பானேன்? 2015இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவிக்கு முயன்ற மருத்துவர் ஒருவரும் அதே நம்பிக்கையைத் தமதென்று கூறினார். மூளையை அறுத்துப் பார்த்த கைக்கும் மூளைக்குள் புகுந்த பழங்கதையை அறுக்க முடியவில்லை!

இலாரன்சு அல்மா தாடெமா 1874இல் தீட்டிய ஓவியம் நேர்மாறானது. பார்வோனின் களஞ்சியக் கண்காணிப்பாளனாக யோசேப்பு வீற்றிருக்கிறான். அருங்காட்சியகப் பொருள்களைப் பார்த்துப் பார்த்துத் தீட்டிய இருக்கை, ஆடை, சுவர். தொல்லியல் துல்லியம் தூரிகையில் துளும்புகிறது. அருகே கணக்கு வாசிக்கும் எழுத்தன். ஆனால் தானியத்துக்காகத் தன்னை விற்றவன் எங்கே? படத்தில் அவனுக்கு இடமில்லை. நாற்காலியின் கால் எத்தகையது என்று ஆராய்ந்த கலைஞர், நாட்டின் வயிறு எத்தகையது என்று ஆராயவில்லை. துல்லியம் வேறு, உண்மை வேறு என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்கவில்லை.

இரெம்பிராண்டு 1656இல் தீட்டி, இன்று காசெல் நகரில் உள்ள ஓவியம், சாகக் கிடக்கும் யாக்கோபு பேரப்பிள்ளைகளை வாழ்த்தும் காட்சி. எகிப்திய ஆராய்ச்சி எதுவும் பிறக்காத காலம். உடையும் பொருளும் தவறானவை. ஆனால் கட்டிலருகே ஒரு பெண் நிற்கிறாள். அவள் ஆஸ்நாத்து, யோசேப்பின் மனைவி, எகிப்தியப் புரோகிதர் மகள். ஆதியாகமம் அக்காட்சியில் அவளைக் குறிக்கவேயில்லை. வேற்றினத்துப் பெண், வேற்றுச் சமயத்துப் பெண், இரண்டு இனத்துக் குருதியும் கலந்த பிள்ளைகளின் தாய். மறைநூல் வெளியே நிறுத்தியவளை ஓவியன் உள்ளே அழைத்தான்! நாற்காலி தவறானாலும் நெஞ்சம் சரியானது.

இந்த அழைப்பின் அருமையை உணர வேண்டுமாயின், அதே கதையின் விருந்துக் காட்சியை நோக்க வேண்டும். அண்ணன்மார்க்கு விருந்து. யோசேப்புக்குத் தனிப் பந்தி. அண்ணன்மார்க்குத் தனிப் பந்தி. உடனிருந்த எகிப்தியர்க்குத் தனிப் பந்தி. எபிரேயரோடு உண்பது எகிப்தியர்க்கு அருவருப்பாம்! ஆடு மேய்ப்போர் அவர்களுக்கு அருவருப்பாம்! கிரேக்கனின் கத்தியைக்கூட எகிப்தியன் தொடமாட்டான் என்று எரோதோத்தசும் எழுதியிருக்கிறார். பசித்தவனை உள்ளே விட்டது எகிப்து. பக்கத்தில் உட்கார விடவில்லை. தானியம் கொடுத்தது, தட்டைத் தனியே வைத்தது. இந்தப் பந்தியின் பொருளை நம் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை.

கதையின் கடைசிக் கொடுமையை மறைநூலின் அடுத்த ஏடே சொல்கிறது. காலம் உருள்கிறது. யோசேப்பை அறியாத அரசன் வருகிறான். யாக்கோபின் வழித்தோன்றல்கள் அடிமைகளாகின்றனர். அவர்கள் முதுகொடியக் கட்டியது எதை? பண்டகசாலை நகரங்களை! பீத்தோம், இராம்சேசு என்று பெயரும் குறித்திருக்கிறது. பூட்டிய களஞ்சியத்தால் பிறரை அடிமையாக்கிய ஏற்பாடு, பூட்டியவன் பேரனையே சுமைதூக்க வைத்தது. இதைத் தெய்வச் சோதனை என்பர் போதகர். நமக்கோ இது ஏற்பாட்டின் இயல்பு. அமைச்சன் நல்லவனா கெட்டவனா என்பதன்று கேள்வி. யோசேப்பு நல்லவனாகவே இருக்கட்டும், அண்ணன்மாரை மன்னித்த நெஞ்சம் அவனுடையது. ஆனால் குடும்பத்துக்குக் கோசேன் கொடுத்த அதே கை குடிகளுக்குக் குத்தகைச் சீட்டுக் கொடுத்தது. நல்லவன் கையில் இருந்தாலும் தளை தளைதான்.

ஆகவே இளைஞர்களே, மறைநூலை எரிக்கவும் வேண்டாம், ஏத்தவும் வேண்டாம், படியுங்கள். போதகர் நிறுத்தும் இடத்தில் நிறுத்தாமல் அடுத்த அதிகாரத்தையும் படியுங்கள். பெனி ஹசன் ஓவியத்தைக் கண்டால் யாழ் மீட்டுவோனோடு ஏடு பிடித்தவனையும் பாருங்கள். பஞ்சக் கதை எதைக் கேட்டாலும் வானம் ஏன் பொய்த்தது என்பதோடு நின்றுவிடாதீர்கள். களஞ்சியத்தை நிரப்பியவன் யார், பூட்டியவன் யார், பூட்டிய நாளிலும் குறைவின்றி உண்டவன் யார் என்று கேளுங்கள். அபிஷாவின் கூட்டம் மண்ணோடு மண்ணாகி ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கேள்விகளுக்கு இன்னும் வயதாகவில்லை.